நாகரிகமான சொல் எது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கச் சுற்றறிக்கையில் "பராமரிப்புத் தொகை செலுத்தக் காலக்கெடு 10-ஆம் தேதி" என்று எழுதினேன். "கெடு அமங்கலமான சொல். அதை எடுத்துவிட்டு நாகரிகமாக டெட்லைன் என்று போடுங்கள்" என்கிறார் செயலாளர். தங்கள் கருத்து என்ன? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: 'நாகரிகமாக' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். டெட் என்றால் செத்தது, லைன் என்றால் கோடு. இதில் எந்தப் பாதி உங்கள் செயலாளருக்கு மங்கலமாகப் பட்டது? அந்தக் கோடு முதலில் எங்கே கிடந்தது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில், 1864 பிப்ரவரியில், தென்மாநிலத்தார், பிடிபட்ட வடமாநிலப் படைவீரர்களை அடைக்க ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தார்கள். மரங்களை வெட்டி நெருக்கமாக நட்டு எழுப்பிய மதில். உள்ளே கூரை கிடையாது, வெட்டவெளிதான். பத்தாயிரம் பேருக்கென்று வளைத்த இடத்தில் ஆகஸ்டு மாதத்தில் 32,000-க்கும் அதிகமானோர் அடைபட்டுக் கிடந்தார்கள். மதிலிலிருந்து சுமார் 19 அடி உள்ளே தள்ளி, கட்டைகளை ஊன்றி, அவற்றின் மேல் மெல்லிய மரச்சட்டம் அடித்து, முகாமைச் சுற்றிலும் ஓடவிட்டிருந்தார்கள். கையை ஊன்றினால் தாண்டிவிடலாம். தாண்டினால் மதில் மேல் நிற்கும் காவலன் சுடுவான். அந்தச் சட்டத்துக்குத்தான் டெட்லைன் என்று பெயர்.

முகாமின் நடுவே ஓர் ஓடை ஓடியது. குடிநீரும் அதுவே, சாக்கடையும் அதுவே. மதிலுக்கு அடியில் புகுந்து உள்ளே வரும் இடத்தில் மட்டும் அதன் நீர் சற்றுத் தெளிந்திருக்கும். அதில் ஒரு குவளை மொள்ளக் கையை நீட்டி, கை சட்டத்துக்கு அப்பால் போனதற்காகக் குண்டடி பட்டுச் செத்தவர்கள் உண்டு. குண்டைவிடப் பட்டினியும், காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயும், வயிற்றுப்போக்கும்தான் அதிகம் பேரைக் கொன்றன. 14 மாதங்களில் அங்கே இருந்தவர்கள் சுமார் 45,000 பேர். மாண்டவர்கள் ஏறக்குறைய 13,000 பேர். முகாமின் தலைவன் ஹென்றி விர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டான். அவன் மீதான விசாரணைச் செய்திகளோடு அந்தச் சொல்லும் நாடெங்கும் அச்சில் பரவியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளைஞர், கனெக்டிகட்காரர், வயது பத்தொன்பது. கைதியான அவரையே இறந்தோர் பதிவேட்டை எழுத உட்கார வைத்தார்கள். பெயர், படைப்பிரிவு, நாள், நோய், கல்லறை எண். எழுதியதை யாருக்கும் தெரியாமல் இன்னொரு படி எடுத்து, விடுதலையானபோது மறைத்து வெளியே கொண்டுவந்தார். 1865 கோடையில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பேணிய கிளாரா பார்ட்டனோடு அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். அந்தப் பட்டியலின் துணையால்தான், அத்தனை ஆயிரம் கல்லறைகளில் சுமார் 460 தவிர மற்றவை பெயர் பெற்றன. அதற்கு அவருடைய சொந்த ராணுவம் செய்த கைம்மாறு, தம் கையால் எழுதிய பட்டியலையே திருடினார் என்று வழக்குப் போட்டுச் சிறையில் தள்ளியதுதான். படிக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சொல்லுக்கு வருகிறேன். ஆண்டர்சன்வில்லோடு அது நின்றுவிடவில்லை. 1880-இல் நியூயார்க் துப்பறியும் அதிகாரி தாமஸ் பர்ன்ஸ், ஃபுல்டன் தெருவை எல்லையாக வைத்து, அதற்குத் தெற்கே வால் ஸ்ட்ரீட் பக்கம் தலைகாட்டும் பழைய திருடன் எவனையும் பார்த்த இடத்தில் பிடிக்கலாம் என்று ஒரு டெட்லைன் கிழித்தார். தூண்டில் போடுபவர்களிடம் அது ஆடாமல் அசையாமல் கிடக்கும் கயிறு. அச்சகத்தில் அது எந்திரத் தட்டின் மேல் போட்ட குறி. அதற்கு வெளியே போன எழுத்து தாளில் பதியாது. 1920-ஐ ஒட்டி அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் நேர எல்லைக்குப் பெயராகிவிட்டது. அங்கிருந்து வரி கட்டும் நாளுக்கும் கால்பந்து வீரர்கள் கிளப் மாறும் நாளுக்கும் பரவியது.

இனி, 'கெடு'. மங்கலச் சொல் தேடுகிறவர்களோடு எனக்கு முப்பது வருடச் சண்டை. மங்கலம் நம் இலக்கணத்தில் உள்ளதுதான். செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொன்னவர்கள் நாம். விளக்கை அணை என்னாமல் 'மலையேற்று' என்று என் பாட்டி சொன்ன சொல்லின் அழகு இன்றும் காதில் இருக்கிறது. அதெல்லாம் தமிழிலிருந்து தமிழுக்கே போன வழி. தமிழில் சொன்னால் அமங்கலம், அதையே ஆங்கிலத்தில் சொன்னால் நாகரிகம் என்பது எந்த இலக்கணத்திலும் இல்லை. நம் மொழியை நாமே தாழ்வாக நினைக்கும் புத்தி அது. அதற்கு மங்கலம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

"தை பிறக்கக் கெடு வைத்திருக்கிறேன்" என்று கடன் கொடுத்தவர் சொல்வார். "கெடு தாண்டிவிட்டது" என்று வாங்கியவர் கையைப் பிசைவார். தெலுங்கரும் கன்னடரும் தவணை நாளைக் 'கடுவு' என்கிறார்கள். அதைக் கேட்டு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. கெட்டுப்போதல் என்ற பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் என்ன குறை? காலம் தாழ்த்துவதற்கு வள்ளுவர் வைத்த பெயர் 'நெடுநீர்'. அதோடு மறவி (மறதி), மடி (சோம்பல்), துயில் ஆகியவற்றையும் சேர்த்து, இந்த நான்கும் 'கெடுநீரார்', அதாவது கெட்டுப்போகும் இயல்பினர், விரும்பி ஏறும் மரக்கலம் என்றார். அந்தச் சொல்லை எழுத அவர் தயங்கவில்லை.

நம்மிடம் அஞ்சத்தக்க சொல் ஒன்று உண்டு என்றால் அது வாய்தா. வாக்குறுதி என்று பொருள்படும் அரபுச் சொல், உருது வழியாக வந்து கோர்ட்டுக்குள் நுழைந்து, தள்ளிவைப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக மஞ்சள் பையில் பத்திரங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு, வாய்தா தவறாமல் முதல் பஸ் ஏறிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். தீர்ப்பு வரும் முன்பே அவர் போய்விட்டார். மகன் இப்போது அதே பையோடு போகிறார்.

அச்சுக்கோக்கும் காலத்தில் எனக்குக் கெடுவைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன். புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பாரம், அதாவது எழுத்துகளைக் கோத்து இறுக்கிய பக்கச் சட்டம், எந்திரத்தில் ஏறியாக வேண்டும். ஏறிவிட்டால் ஆசிரியரே வந்து கெஞ்சினாலும் ஒரு கால் புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டார். மதுரை ரயிலுக்குக் கட்டுகள் போக வேண்டுமே! ஓர் இரவு ஒன்பதரைக்கு ஒரு தாய் அச்சகத்து வாசலில் வந்து நின்றார். அந்த வாரம் வரவிருந்த இரங்கல் குறிப்பில் அவருடைய பையனின் பெயரில் 'ழ' இருக்க வேண்டிய இடத்தில் 'ள' கோத்திருந்தோம். கையெழுத்துப் பிரதியில் சரியாகவே இருந்தது, தவறு எங்களுடையது. ஃபோர்மேன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடிக்கொண்டிருந்த எந்திரத்தை நிறுத்தினார். பாரத்தைத் தளர்த்தி, இடுக்கியால் அந்த ஓர் எழுத்தைப் பிடுங்கி, வேறு எழுத்தைச் செருகி, மறுபடி முடுக்கினார். அதுவரை அடித்த தாள்களைத் தனியே ஒதுக்கச் சொன்னார். அன்று ரயில் போய்விட்டது. மதுரைக் கட்டுகள் மறுநாள் காலை பஸ்ஸில்தான் போயின. ஏஜெண்டுகளின் வசவை அவர் தாமே வாங்கிக்கொண்டார்.

சுற்றறிக்கையில் காலக்கெடு என்றே இருக்கட்டும். அதன் கீழே, பத்தாம் தேதிக்குள் கட்ட முடியாதவர் யாரிடம் வந்து பேசலாம் என்றும் ஒரு வரி சேருங்கள்.