அமெரிக்க பிரைமரியில் நிறம் பார்த்துத்தான் ஓட்டு விழுகிறதா?

கேள்வி: 2008 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் 78 சதவீதம் பேர் ஒபாமாவுக்குப் போட்டார்கள். வெள்ளையரில் 24 சதவீதம்தான். அப்படியென்றால் அமெரிக்கர்கள் நிறம் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாமா?

பதில்: எண்கள் சரி. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பு அப்படித்தான் சொன்னது. ஆனால் அந்த எண்களை 2008 ஜனவரி 26-ஆம் தேதியில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். மூன்று நான்கு மாதம் பின்னால் போங்கள். 2007 இலையுதிர்காலத்தில் பல கருத்துக்கணிப்புகளில் கறுப்பின ஜனநாயகக் கட்சியினரிடையே முன்னணியில் இருந்தவர் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டன். 1965-இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்தில் போலீஸிடம் அடி வாங்கிய தலைவர் ஜான் லூயிஸே ஹிலாரியை ஆதரித்தார். ஒபாமாவின் நிறம் அக்டோபரிலும் ஜனவரியிலும் ஒன்றுதான். அப்புறம் எது மாறியது?

பிரைமரி என்பது கட்சிக்குள் நடக்கும் தேர்தல். அதிபர் வேட்பாளர் யார் என்பதை அந்தக் கட்சியின் வாக்காளர்களே மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். சில மாநிலங்களில் காகஸ் என்று கூட்டம் கூடி முடிவு செய்வதும் உண்டு. போட்டியிடுகிறவர்கள் ஒரே கட்சிக்காரர்கள், அதனால் கொள்கையில் பெரிய தூரம் இருக்காது. பொதுத் தேர்தலில் கட்சிச் சாயத்துக்குள் மறைந்துபோகும் இனம், வயது, படிப்பு, ஊர் என்ற பிளவுகளெல்லாம் இங்கே அப்பட்டமாகத் தெரியும்.

அந்த வருடங்களில் நான் வட கரோலினாவின் ஷார்லட் நகரில் மென்பொருள் வேலையில் இருந்தேன். எனக்கு ஓட்டுரிமை கிடையாது. ஆனால் மதிய உணவு நேரத்தில் இந்தப் பேச்சுதான் ஓடும். எங்கள் குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி ஒருவர், தென் கரோலினா எல்லைக்குள் இருக்கும் ராக் ஹில்லில் இருந்து தினமும் வேலைக்கு வருவார். தீபாவளி சமயம் அவரிடம் ஒபாமாவைப் பற்றிக் கேட்டேன். ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஹிலாரிக்குத்தான் போடப்போகிறேன் என்றார். வெள்ளைக்காரர்கள் அவரை ஜெயிக்க விடமாட்டார்கள், என் ஓட்டை வீணாக்க எனக்கு மனசில்லை என்றார். மாதச் செலவுக்குக் கணக்குப் போடுகிறவர் மாதிரி நிதானமாகத்தான் சொன்னார். இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது: ஒபாமாவை உயிரோடு விடுவார்களா? அது வெறும் பிரமை இல்லை. 2007 மே மாதத்திலேயே ஒபாமாவுக்கு, அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் படையின் பாதுகாப்பு கொடுக்கப்பட்டுவிட்டது. வேட்பாளர் என்ற முறையில் அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன் யாருக்கும் கொடுத்ததில்லை.

2008 ஜனவரி 3 அன்று அயோவா காகஸ் நடந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர் இருக்கும் மாநிலம். ஒபாமா 37 சதவீதத்துக்கு மேல் வாங்கி முதலிடம் பிடித்தார். இன்னொரு போட்டியாளர் ஜான் எட்வர்ட்ஸும் ஹிலாரியும் முப்பதைத் தொடவில்லை. வெள்ளையர் அவருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் தென் கரோலினாவின் கறுப்பினக் குடும்பங்கள் திரண்டு ஒபாமா பக்கம் வந்தன. ராக் ஹில் அம்மையாரும் அப்படித்தான் மாறினார். பிப்ரவரி முடிவதற்குள் ஜான் லூயிஸும் மாறிவிட்டார்.

என் பதிலின் மையம் இதுதான். கறுப்பின வாக்காளர்களில் பெரும்பாலோர், குறிப்பாக வயதானவர்கள், பிரைமரியில் பார்ப்பது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதை. நாட்டின் பெரும்பான்மை யாரை ஏற்றுக்கொள்ளும், யாரைத் தோற்கடிக்கும், நம் ஓட்டு எங்கே போனால் செல்லும் என்ற கணக்கு அது. அப்படிக் கணக்குப் போடும் பழக்கம் சும்மா வந்துவிடவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் தெற்கு மாநிலங்கள் நடைமுறையில் ஒற்றைக் கட்சி மாநிலங்கள். ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பர் பொதுத் தேர்தலிலும் ஜெயித்த மாதிரிதான். அந்த பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று விதி வைத்தார்கள். டெக்சஸ் 1923-இல் இதைச் சட்டமாகவே போட்டது. நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்ததும், கட்சி ஒரு தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் விருப்பம் என்று வேறு வழியில் அதையே தொடர்ந்தார்கள். ஹூஸ்டனில் லானி ஸ்மித் என்ற பல் மருத்துவர் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். 1944-இல் 8-க்கு 1 என்ற தீர்ப்பில் அந்த முறை ஒழிந்தது. நவம்பர் தேர்தலில் ஓட்டு உண்டு, ஆனால் முடிவு எடுக்கப்படும் இடத்தில் இல்லை என்ற நிலைமையை அனுபவித்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் 2008-இல் தென் கரோலினாவில் வரிசையில் நின்றவர்கள்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில், அதிபர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியில் இருந்து வந்த அதிகாரபூர்வ பிரதிநிதிகள் அணி முழுக்க வெள்ளையர். அதை எதிர்த்து மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று தனி அணி வந்தது. பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளர் பதிவு வேலைக்காக வினோனா சிறையில் தன்னை எப்படி அடித்தார்கள் என்று குழு முன்னால் சாட்சி சொன்னார். தொலைக்காட்சியில் நேரடியாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சாட்சியத்தை மறைக்க அதிபர் ஜான்சன் திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டினார். அன்றிரவு தொலைக்காட்சி நிறுவனங்கள் அதை மறுபடி போட்டபோது நாடே பார்த்தது. கடைசியில் அந்த அணிக்குக் கொடுக்க முன்வந்தது இரண்டே இரண்டு இடம். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜான்சன் மீது கோபம் வரும். அதே ஜான்சன்தான் அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம், அதிபர் வேட்பாளராக முயன்ற கறுப்பின உரிமைத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். தென் கரோலினாவின் கிரீன்வில்லில் பிறந்தவர். 1984 பிரைமரிகளில் முப்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். 1988-இல் அது எழுபது லட்சத்தை நெருங்கியது. மிச்சிகன் காகஸில் ஜெயித்துக் கட்சித் தலைமையையே கலங்க வைத்தார். வேட்பாளர் ஆகவில்லை. ஆனால் அவர் போராடி வாங்கிய விதி மாற்றம் ஒன்று இருபது வருடம் கழித்து வேலை செய்தது. ஒரு மாநிலத்தில் அல்லது தொகுதியில் முதலில் வந்தவருக்கே, மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடும் பிரதிநிதிகளை அள்ளிக் கொடுக்கும் முறைகளை ஒழித்துவிட்டு, ஓட்டு விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேட்டது. அது 1992-க்குள் நடைமுறைக்கு வந்தது. 15 சதவீதம் தாண்டிய எல்லோருக்கும் பங்கு உண்டு. 2008-இல் ஹிலாரி நியூ ஜெர்சி மாதிரி பெரிய மாநிலத்தில் ஜெயித்தும் அவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது 11 பிரதிநிதிகள். சின்ன ஐடஹோவில் காகஸை வாரிக்கொண்ட ஒபாமாவுக்கு 12. ஜாக்சன் இல்லாமல் ஒபாமா இல்லை என்று நான் சொன்னால் அது உணர்ச்சிப் பேச்சு இல்லை, கணக்கு.

தென் கரோலினா முடிவு வந்த அன்று, ஜாக்சனும் இங்கே இரண்டு தடவை ஜெயித்திருக்கிறார் என்று ஹிலாரியின் கணவரும் முன்னாள் அதிபருமான பில் கிளின்டன் சொன்னது ஏன் அவ்வளவு புண்படுத்தியது என்பது இப்போது புரியும். கேட்டவர்களுக்கு அது, இது கறுப்பர்கள் ஓட்டு, கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒலித்தது. கிளின்டன் குடும்பத்துக்குக் கறுப்பினச் சமூகத்தில் இருந்த பல வருட நல்லெண்ணம் அந்த ஒரு வாரத்தில் பெரிதும் கரைந்தது. மார்ச்சில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் பத்தில் ஒன்பது பேர் ஒபாமா பக்கம்.

சரி, வெள்ளையர் பக்கம் வருவோம். நிறம்தான் காரணம் என்றால் வெள்ளையர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். 2008 மே 20 அன்று இரண்டு மாநிலங்களில் பிரைமரி நடந்தது. கென்டக்கியில் ஹிலாரி 65 சதவீதம், ஒபாமா 30. ஓரிகானில் ஒபாமா 59, ஹிலாரி 41 என்ற அளவில். இரண்டிலும் வெள்ளையரே மிகப் பெரும்பான்மை, ஓரிகானில் கறுப்பினத்தவர் கென்டக்கியைவிடக் குறைவு. வேறுபாடு எங்கே? படிப்பில், வயதில், ஊரின் வரலாற்றில். அப்பலாச்சியன் மலைப்பகுதி முழுக்க, நிலக்கரிச் சுரங்க ஊர்களில், ஹிலாரிக்கு இரண்டு மடங்கு ஓட்டு. மேற்கு வர்ஜீனியாவில் 67-க்கு 26.

இதை வர்க்கப் பிரச்சினை என்று மட்டும் சொல்லி நழுவவும் முடியாது. மேற்கு வர்ஜீனியாவில் வெள்ளை வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் போல, இனம் தங்கள் முடிவில் ஒரு காரணம் என்று கருத்துக்கணிப்பாளரிடம் வெளிப்படையாகவே சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹிலாரிக்குப் போட்டவர்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்களே இத்தனை பேர். அதே மேற்கு வர்ஜீனியா 2016-இல் பிரைமரியில் ஹிலாரியைத் தோற்கடித்து, இடதுசாரிச் சாய்வுள்ள பெர்னி சாண்டர்ஸுக்கு வெற்றியைக் கொடுத்தது. இடையில் 2012-இல், பதவியில் இருக்கும் அதிபர் ஒபாமாவுக்கு எதிராக அந்த மாநில பிரைமரியில் நின்ற ஒருவர் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். அவர் அப்போது டெக்சஸில் மத்திய சிறையில் இருந்த கைதி. ஆகவே 2008-இல் அங்கே ஹிலாரிக்கு விழுந்ததில் கணிசமான பகுதி ஹிலாரிக்கான அன்பு இல்லை.

லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைப் பற்றியும் அப்போது ஒரு பேச்சு இருந்தது. கலிபோர்னியாவில் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஹிலாரிக்குப் போனதும், கறுப்பருக்கு அவர்கள் ஓட்டுப் போடவே மாட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். நவம்பரில் லத்தீனோக்களில் அதே மூன்றில் இரண்டு பங்கு ஒபாமாவுக்கு. பழகிய பெயருக்குப் போட்டதைப் பகைமை என்று படித்துவிட்டார்கள்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நேரடியான சோதனை 2020. கமலா ஹாரிஸ் (நம் சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள்), கோரி புக்கர் இருவருமே கறுப்பின செனட்டர்கள். நிறம்தான் எல்லாம் என்றால் தென் கரோலினா அவர்களுக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். ஆதரவு வராமல், ஒரு ஓட்டுகூடப் பதிவாவதற்கு முன்பே ஹாரிஸ் 2019 டிசம்பரிலும் புக்கர் அடுத்த மாதமும் விலகிவிட்டார்கள். அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது என்று சரிந்து கிடந்த ஜோ பைடனை பிப்ரவரி 29 அன்று தூக்கி நிறுத்தியது தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். மூன்று நாள் முன்னால், அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பின எம்.பி. ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு அறிவித்திருந்தார். கருத்துக்கணிப்பின்படி கறுப்பினத்தவரில் 61 சதவீதம் பைடனுக்கு. டிரம்பைத் தோற்கடிக்க நாட்டின் பெரும்பான்மை யாரை ஏற்றுக்கொள்ளும் என்ற அதே பழைய கணக்கு, இந்த முறை ஒரு வயதான வெள்ளைக்காரரில் வந்து நின்றது. ஒபாமாவுக்குக் கீழே எட்டு வருடம் விசுவாசமாக வேலை பார்த்தவர் என்பதும் சேர்ந்தது. இளைய கறுப்பினத்தவர் இந்தக் கணக்கை அவ்வளவாக ஏற்பதில்லை, அவர்களிடம் சாண்டர்ஸுக்குக் கணிசமான ஆதரவு இருந்தது.

குடியரசுக் கட்சி பிரைமரியில் கதை வேறு, அங்கே வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். ஆனால் இனம் அங்கேயும் நுழையும். 2000-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஜெயித்து வந்த ஜான் மெக்கெய்னுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணிடம் முறைதவறிப் பிறந்த குழந்தை இருக்கிறது என்று தென் கரோலினாவில் வதந்தி பரப்பினார்கள். அந்தக் குழந்தை அவரும் மனைவியும் வங்கதேசத்தில் இருந்து தத்தெடுத்த மகள். அந்த மாநிலத்தில் அவர் புஷ்ஷிடம் தோற்றார். ஒரு சின்னப் பெண்ணின் நிறத்தை இப்படிப் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கடைசியாக ஒன்று. அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் வெள்ளையர் நிரம்பிய மாநிலங்கள், ஆனால் பல பத்தாண்டுகளாக முதல் வார்த்தை அவர்களுடையது. ஜனநாயகக் கட்சிக்கு மிக விசுவாசமாக ஓட்டுப் போட்ட சமூகம் அவர்கள் பேசி முடிக்கும் வரை காத்திருந்தது. 2024-க்கு பைடன் அந்த வரிசையை மாற்றச் சொல்லி, பிப்ரவரி 3 அன்று தென் கரோலினாவில் கட்சியின் முதல் அதிகாரபூர்வ பிரைமரி நடந்தது. தாமதமாக வந்த நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் பதவியில் இருந்த பைடனுக்கு எதிரே வலுவான போட்டி இல்லை, அவர் 96 சதவீதம் வாங்கினார். கோடையில் அவர் விலகியதும் ஹாரிஸ் பிரைமரி இல்லாமலே வேட்பாளர் ஆனார். அயோவாவுக்காகக் காத்திருக்காமல், உண்மையான போட்டியில் கறுப்பின வாக்காளர்கள் முதல் ஆளாகப் பேசினால் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதை அந்த ஆண்டும் பார்க்க முடியவில்லை.