நடுவில் தொய்யும் மேப்பிள் மெயின் லைன்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில், மேப்பிள் மரங்களின் சாற்றைத் தொட்டிக்குக் கொண்டுபோகச் சரிவில் போட்ட 600 அடி மெயின் லைன் (முக்கியக் குழாய்) நடுவில் தொய்ந்து, சாறு அங்கேயே தேங்கி ராத்திரி உறைந்து, மதியம் வரை தொட்டிக்கு ஒரு சொட்டும் வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். குழாய் மேல் தப்பில்லைங்க, அதைத் தாங்கும் கம்பிதான் பிரச்சினை. முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் தானாக விறைப்பாக நிற்காது, உள்ளே சாறும் நிறைந்தால் கேட்கவே வேண்டாம்.

குழாயை அவிழ்த்துவிட்டு முதலில் 12.5 கேஜ் ஹைடென்சைல் கம்பியை (பலமாக இழுத்தாலும் தாங்கும் எஃகுக் கம்பி) விறைப்பாக இழுங்கள். முறுக்கினால் மட்டும் போதாது, தொய்கிற இடங்களில் பக்கத்து மரங்களுக்கு ஒன்று இடப்பக்கம் அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி இழுத்துக் கட்ட வேண்டும். லைன் வளைந்து வளைந்து போனாலும் பரவாயில்லை, சரிவு மட்டும் 100 அடிக்கு 2 அடிக்குக் குறையக் கூடாது. அப்புறம் அடிக்கு ஒரு கட்டு போட்டு குழாயைக் கம்பியோடு சேருங்கள்.

கண்ணை நம்பாதீர்கள், கைலெவல் (சரிவு பார்க்கும் சிறு கைக்கருவி) வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் நான் கண்ணளவில் போட்டு, பாதி லைன் மேட்டில் ஏறியிருந்ததே சாறு ஓடும் மார்ச்சில்தான் தெரிந்தது. கடைசி மரத்தில் கம்பியை நேராகச் சுற்றியிருந்தால் இடையில் மரக்கட்டைகள் வையுங்கள், இல்லையென்றால் பட்டையை அறுத்துவிடும்.