விருந்துக்குக் கொண்டுபோகும் முட்டைக்கோஸ் சாலட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து கூடி உண்ணும் பாட்லக் விருந்துகளுக்கு முட்டைக்கோஸ் சாலட் எடுத்துச் செல்பவர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: வீட்டில் ருசி பார்த்தபோது நன்றாக இருந்தது, அங்கே போய்த் திறந்தபோது வேறாகிவிட்டது. கலந்தவுடன் பரிமாறும் சாலடுக்கும் மூன்று மணி நேரம் கழித்துப் பரிமாறும் சாலடுக்கும் செய்முறையே வேறு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இரண்டாவது வகைக்கு உரியவை.

கேள்வி: காலையில் கலந்து வைத்த சாலட்டை மதியம் திறந்தால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எங்கே தவறுகிறேன்?

முட்டைக்கோஸின் எடையில் ஏறத்தாழ 92 சதவீதம் தண்ணீர்தான். உப்போ சர்க்கரையோ பட்டவுடன் அந்தத் தண்ணீர் சவ்வூடு பரவலால் செல்களை விட்டு வெளியேறத் தொடங்குகிறது. அதைத் தடுக்க முடியாது என்பதால், டிரஸ்ஸிங் (சாலட்டில் ஊற்றிப் புரட்டும் கலவை) சேர்ப்பதற்கு முன்பே, வீட்டிலேயே வெளியேற்றிவிடுவதுதான் வழி. சீவிய கோஸ் 1 கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் உப்பைப் பிசிறி, வடிதட்டில் போட்டு, கீழே ஒரு கிண்ணத்தை வைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடம் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். பிறகு இழைகள் பளபளப்பேறி, விறைப்புத் தளர்ந்து, விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும், அதுவே பதம். குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து அழுத்திப் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுங்கள். அலசிய பிறகும் இழைகளில் உப்பு கொஞ்சம் தங்கியிருக்கும் என்பதால், டிரஸ்ஸிங்கில் உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

பிழிந்தால் மொறுமொறுப்புப் போய்விடாதா என்று தயங்குபவர்கள் உண்டு. நானும் அப்படித் தயங்கி இந்தப் படியைத் தவிர்த்த ஒரு நாளில், ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தால், அதன் உட்புறம் முழுக்க நீர்த்திவலைகள், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பால் நிறத் தண்ணீர், அதில் மிதக்கும் கேரட் துருவல். பிழிந்த கோஸ் நொறுங்காதுதான். ஆனால் கடிபடும் தன்மை அதற்கு மறுநாள் வரை இருக்கும்.

கேள்வி: மயோனைஸ் சேர்த்த கோல்ஸ்லாவை, அதாவது முட்டைக்கோஸ் சாலட்டை, எவ்வளவு நேரம் மேசையில் வைத்திருக்கலாம்?

இரண்டு மணி நேரம். வெளியில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஐஸ் இல்லாமல் கழிந்த நேரமும் இதில் அடக்கம். நுண்ணுயிரிகள் விரைந்து பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் என்பதால், பெரிய பாத்திரம் ஒன்றை முழுதாக மேசையில் வைக்காமல், இரண்டு சிறிய கிண்ணங்களாகப் பிரித்து ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்து மாற்றுவது நல்லது.

பழியை முழுதும் மயோனைஸின் மேல் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் கடையில் விற்கும் மயோனைஸ் போதிய புளிப்பு உள்ளது. அதனால் அது எளிதில் கெடுவதில்லை. காய்கறிகளோடு கலந்து அந்தப் புளிப்பு நீர்த்துப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பச்சை முட்டையில் வீட்டிலேயே அடித்த மயோனைஸைப் பொதுவிருந்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பேன், ஏனெனில் சால்மோனெல்லா கிருமி அதில் இருக்க வாய்ப்புண்டு.

கோஸும் அப்பாவி அல்ல. 1981-இல் கனடாவின் கடலோர மாகாணங்களில் கோல்ஸ்லா மூலம் லிஸ்டீரியா என்ற கிருமியின் தொற்று பரவி 41 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும். லிஸ்டீரியா நோய் கண்டிருந்த ஆட்டு மந்தையின் சாணம் உரமாக இடப்பட்ட வயலில் விளைந்த கோஸ் அது. இந்தக் கிருமி குளிர்பதனப் பெட்டியின் குளிரிலும் வளரக் கூடியது. ஆகவே வெளி இலைகள் இரண்டு மூன்றைக் களைந்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே கத்தி வைக்கவும். கழுவினாலும் கிருமி முழுதாக நீங்கிவிடாது என்பதால், கர்ப்பிணிகள் வரும் விருந்தில் பல மணி நேரத்துக்கு முன்பே கலந்த சாலட்டை அவர்களுக்குப் பரிமாறாதீர்கள்.

கேள்வி: மயோனைஸ் இல்லாமல் செய்ய நல்ல அளவு ஒன்று சொல்லுங்கள்.

பாட்லக் விருந்துக்கு என் தேர்வு எப்போதும் வினிகர் வகைதான். 'கோல்ஸ்லா' என்பது டச்சு மொழியிலிருந்து வந்த பெயர். 'கோல்' என்றால் கோஸ், 'ஸ்லா' என்றால் சாலட், அவ்வளவுதான். மயோனைஸுக்குப் பெயரிலேயே இடமில்லை.

உப்பிட்டுப் பிழிந்த 1 கிலோ கோஸுக்கு வினிகர் 80 மில்லி, மணமில்லாத எண்ணெய் 80 மில்லி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. கீரை வகைச் சாலட்டுக்கு எண்ணெய் மூன்று பங்கு, புளிப்பு ஒரு பங்கு என்பார்கள். கோஸின் இயல்பான காரத்துக்கும், எவ்வளவு பிழிந்தாலும் மிஞ்சியிருக்கும் ஈரத்துக்கும் அது போதாது, சரிபாதி வேண்டும். வினிகரையும் சர்க்கரையையும் கொதிக்கவிட்டு, கடுகு விழுதைக் கரைத்து, சூடாக இருக்கும்போதே கோஸின் மேல் ஊற்றிப் புரட்டுங்கள்; ஆறிய பின் எண்ணெய் சேர்த்து இரண்டு மணி நேரம் குளிர வையுங்கள். இந்தச் சாலட் நேரம் ஆக ஆகச் சுவை கூடும்.

தயிர்தான் வேண்டும் என்பவர்கள் அதைத் துணியில் கட்டி, குளிர்பதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்த பிறகு பயன்படுத்தவும்.

கேள்வி: தயிர் சாலட்டில் அன்னாசி சேர்த்தேன், கசந்துவிட்டது. ஏன்?

சூடுபடுத்தாத அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தைச் சிதைப்பதால் வரும் கசப்பு அது. டப்பாவில் அடைத்த அன்னாசி சூடுபடுத்தப்பட்டது என்பதால் அந்த நொதி அதில் செயலிழந்திருக்கும், அதைச் சேர்க்கலாம்.

கேள்வி: ஊதா கோஸ் சேர்த்தால் சாலட் முழுவதும் சாயம் ஏறி, சில சமயம் நீலமாகிவிடுகிறது.

ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் தண்ணீரில் கரையும். புளிப்பில் அது சிவப்பாகவும், அதற்கு நேரெதிரான காரத்தன்மையில் (மிளகாய்க் காரம் அல்ல, அல்கலித் தன்மை) நீலமாகவும் பச்சையாகவும் மாறும். ஊதா கோஸின் சாற்றைப் பள்ளி ஆய்வகங்களில் நிறங்காட்டியாகப் பயன்படுத்துவதும் இதனால்தான். உங்கள் சாலட் நீலமாகிறதென்றால், அலசிய தண்ணீர் அந்தக் காரத்தன்மை உள்ள கடின நீராக இருக்கலாம். ஊதா கோஸைத் தனியாக உப்பிட்டுப் பிழிந்து, ஒரு கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் பிரட்டி வைத்து, பரிமாறும் இடத்தில் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: முந்தின நாளே சீவி வைக்கலாமா? பாத்திரத்தைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கிறதே?

வைக்கலாம். கோஸை வெட்டும்போது செல்கள் உடைந்து, மைரோசினேஸ் என்ற நொதி அதிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்வதால்தான் அந்தக் காரமும் வாடையும் உண்டாகின்றன. மழுங்கிய கத்தியும் துருவியும் செல்களை நசுக்குவதால் வாடை அதிகமாகும். கூரிய கத்தியால் நரம்புகளுக்குக் குறுக்கே 2 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, பத்து நிமிடம் ஐஸ் நீரில் போட்டு எடுத்து, ஈரம் போக உலர்த்தி வையுங்கள்.

கேள்வி: இருபது பேருக்கு எவ்வளவு கோஸ்?

பல பதார்த்தங்களுள் ஒன்றாக இருக்கும்போது ஆளுக்கு 75 கிராம் போதும். தண்டும் வெளி இலையும் பிழிந்த நீரும் கழியும் என்பதால், 2 கிலோ வாங்குங்கள்.

கேள்வி: வறுத்த வேர்க்கடலை, எள் எல்லாம் எப்போது சேர்ப்பது?

தனி டப்பாவில் கொண்டுபோய், பரிமாறும்போது தூவுங்கள், இல்லையேல் நமுத்துவிடும். கடலை, எள், கடுகு, முட்டை ஆகியவை ஒவ்வாமை தருபவை என்பதால், சேர்த்தவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்தின் அருகே வைக்கவும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் வைட்டமின் கே அளவைச் சீராக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கோஸில் அது கணிசமாக உண்டு என்பதால், அந்தச் சீட்டில் 'முட்டைக்கோஸ்' என்பதையே முதலில் எழுதுங்கள்.