பெங்களூரில் செட்டிநாட்டு உணவகம் தொடங்குகிறேன். உள்ளே நுழைந்தால் அந்த மண் தெரிய வேண்டும். இன்டீரியர் எப்படிச் செய்யலாம்?

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம், பிழைப்பு இங்கே இன்டீரியர் கான்ட்ராக்ட். அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஆர்க்கிடெக்ட் இல்லை, படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

நீங்கள் இந்நேரம் பழைய மரத்தூண் விலை விசாரித்திருப்பீர்கள். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். இந்திராநகரில் ஒருவர் தூணோடு நிற்காமல், சுவரில் தென்னந்தோப்பும் படகும் வரையச் சொன்னார். "அண்ணே, நம்ம பக்கம் படகு விட ஏதுண்ணே தண்ணி? கோடையில ஊரணியே காஞ்சு கிடக்கும்" என்றேன். "சாப்பிட வர்றவனுக்கு அதெல்லாம் தெரியாது தம்பி" என்றார். மதுரைக்காரனும் தேவகோட்டைக்காரனும் தினமும் சாப்பிட வரும் தெரு அது! கடைசியில் படகு போய், செம்மண் நிறச் சுவரும் பனையோலைக் கொட்டான் கூடைகளும் வந்தன.

பழைய தூணும் வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்கும் தூணும் நிலைக்கதவும் பெரும்பாலும் யாரோ வாழ்ந்த வீட்டைப் பிரித்து வந்தவை. எங்கள் தெருவிலேயே ஒரு வீடு அப்படிப் போனது. நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார் என்பீர்கள். வாங்கட்டும்.

அந்தக் காசைத் தரையில் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் என்பது எங்கள் பக்கத்து ஆத்தங்குடி ஊரின் சிமென்ட் தரை டைல்ஸ், இன்றும் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமென்ட் கூழை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மணலும் சிமென்டும் தூவி, மேலே கலவை போட்டு மட்டம் செய்வார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியை விட்டுக் கழன்று வரும்போதே பளபளப்பு இருக்கும். ஒரே அச்சுதான், ஆனால் ஒரு கல்லில் இருக்கும் பூ அடுத்ததில் லேசாகக் கலைந்திருக்கும். அதே டிசைனை அச்சடித்த விட்ரிஃபைட் டைல்ஸில் இது வராது.

அப்புறம் முற்றம். வாடகைக் கட்டடத்தில் கூரையைத் திறக்க விடமாட்டார்கள். நடுவைக் காலியாக விட்டு, வெளிச்சம் அங்கே மட்டும் மேலிருந்து விழட்டும். சுற்றிலும் திண்ணை போல இருக்கை. நடுவில் நாலு டேபிள் போட மனம் துடிக்கும், போடாதீர்கள்.

ஓனர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி பில்லைப் பிடித்து வைக்கும் பழக்கம் எங்கிருந்துதான் வந்ததோ! திறப்பு விழாவுக்குச் செண்டை மேளம் வைக்கக் காசு இருக்கும், கார்பென்டருக்கு மட்டும் "அடுத்த வாரம் பாக்கலாம்". நம்ம ஊர்க்காரர் என்று நம்பி அட்வான்ஸைக் குறைத்து வாங்கினால் இன்னும் மோசம். உங்களைச் சொல்லவில்லை.

கல்லை உடைசலுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள், அடுத்த முறை வார்ப்பதில் நிறம் மாறும். ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் கையில் ஆசிட் போகக் கூடாது, சிமென்டை அரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது ஊர் வழக்கம்தான், ஆனால் ஹோட்டலில் வழுக்கும். கடை மூடிய பிறகு செய்து, காலையில் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள்.