வெறும் பேச்சு மட்டும் நாவலாகுமா?

கேள்வி: வயது 27. கூரியர் அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டுப் பெண்கள் போனில் பேசிக்கொள்வதை வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். வர்ணனையே கிடையாது, பேச்சு மட்டும்தான். படித்துப் பார்த்த ஒரு மூத்த எழுத்தாளர், 'இது நாடகம். நடுவில் நீ கதை சொல்ல வேண்டும்' என்கிறார். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன், வீட்டுக்குத் தெரியாது. 'உன் கதையை நேரடியாக எழுது, அதுதான் நேர்மை' என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: தம்பி, இரண்டு தரப்பையும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். மனுவேல் புய்க் என்று ஒருவர் இருந்தார். உங்கள் இரண்டு கேள்விகளோடும் மல்லுக்கட்டியவர்.

1932இல் அர்ஜென்டினாவின் சமவெளியில் ஜெனரல் வியேகாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அம்மாவோடு ஓயாமல் சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளை. டைரக்டராக வேண்டும் என்று ரோமுக்குப் போய் சினிமாப் பள்ளியில் சேர்ந்தார், ஒத்துவரவில்லை. ஆங்கிலத்தில் திரைக்கதை எழுதிப் பார்த்தார். பழைய ஹாலிவுட் படங்களின் நகலாகவே வந்தன. அப்புறம் சொந்த ஊர்க் கதை ஒன்றைத் திரைக்கதையாக்க உட்கார்ந்தார். துணி துவைக்கும் இடத்தில் நின்று உறவுக்கார அம்மா ஒருவர் பேசிய பேச்சு காதில் விழ ஆரம்பித்தது. சில வரிகளில் முடிந்திருக்க வேண்டியது முப்பது பக்கம் ஓடிவிட்டது. நாவலாசிரியர் ஆனது அப்படித்தான்.

அந்த முதல் நாவல், 'ரீட்டா ஹேவொர்த்தின் துரோகம்', தொடங்குவதே வீட்டுப் பேச்சில். அங்கே யார் பேசுகிறார் என்று சொல்லவே மாட்டார். நாம்தான் குரலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு டைரி, பள்ளிக்கூடக் கட்டுரை, மொட்டைக் கடிதம் என்று போகும். கடைசி அத்தியாயம், அப்பா தன் சகோதரனுக்கு எழுதிவிட்டு அனுப்பாமல் விடும் கடிதம். அதுவரை அம்மா, பிள்ளை கண்ணால் பார்த்த அந்த மனிதர் அங்கேதான் வாய் திறக்கிறார். நடுவில் ஒரு கதைசொல்லி புகுந்து 'அப்பாவும் பாவம்தான்' என்று விளக்கியிருந்தால் அத்தனையும் போயிருக்கும். உங்கள் மூத்த எழுத்தாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டை போட வேண்டாம்.

ஆனால் ஒன்று. பேச்சு மட்டும் என்றால் ஒவ்வொரு வாயும் தனியாகத் தெரிய வேண்டும். உங்கள் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் ஒரே மாதிரி பேசினால் அவர் சொன்னதுதான் சரி.

அடுத்தது நேர்மை. புய்க் தன்பாலீர்ப்பாளர், அதை மறைத்து வாழ்ந்தவர் இல்லை. 1976இல் வந்த 'சிலந்திப் பெண்ணின் முத்தம்' நாவலில் இரண்டு சிறைக்கைதிகள். கடை ஜன்னல் அலங்காரம் செய்யும் மொலினா ஆண்களை நேசிப்பவர். வாலன்டீன் அரசியல் கைதி. மொலினா இரவெல்லாம் சினிமாக் கதை சொல்கிறார். கிட்டத்தட்ட முழுக்க உரையாடல்தான். ஒருவர் பதில் பேசாவிட்டால் அங்கே வெறும் புள்ளிகள். பக்கத்தின் அடியிலோ, தன்பாலீர்ப்பு பற்றிய கோட்பாடுகள் நீண்ட அடிக்குறிப்புகளாக ஓடுகின்றன. அதில் வரும் டேனிஷ் டாக்டரம்மா ஒருவர் புய்க்கின் கற்பனை! மேற்கோள்களுக்கு நடுவே தன் கருத்தை அந்த அம்மாவின் பெயரில் சொருகிவிட்டார். குறும்புக்காரர். சினிமாப் பைத்தியத்தை மொலினாவுக்குக் கொடுத்தாரே தவிர, தன் வாழ்க்கையை அப்படியே தூக்கிக் கொடுக்கவில்லை. இதை நேர்மையில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது நாவலோடு சேர்ந்த விஷயமே இல்லை. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து 2018இல் உச்ச நீதிமன்றம் உங்களை விடுவித்தது. வீட்டுக் கூடத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கையில் சம்பளமும், போய்த் தங்க ஓர் இடமும், நம்பகமான இரண்டு நண்பர்களும் இருக்கும்போது அதை யோசியுங்கள். நண்பர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக வேண்டாம்.

வேலையை விடாதீர்கள். புய்க் முதல் நாவலை முடித்த காலத்தில் நியூயார்க் விமான நிலையத்தில் ஏர் பிரான்ஸ் ஊழியர். 1965இல் ஸ்பெயினில் ஒரு போட்டியின் இறுதிச் சுற்றுவரை வந்த அந்தப் புத்தகம் அச்சானது 1968இல். 1973இல் வந்த இன்னொரு நாவலுக்குத் தடை, மிரட்டல் என்று வந்தபின் நாட்டுக்கு வெளியேதான் வாழ்ந்தார். 1990இல் மெக்சிகோவில் இறந்தார்.

கடைசியாக, அவர் ஊர்க்காரர்கள் பலர் நாவல்களில் தங்களை அடையாளம் கண்டு கொதித்தார்கள். உங்கள் சித்தி போனில் சொன்ன நகை அடமான விஷயம், மாமியார் சண்டை எல்லாம் இருக்கும் அல்லவா? ஊர், உறவுமுறை, தொழில் மூன்றையும் மாற்றிவிட்டு, முதல் இருபது பக்கத்தை ஒரு சிற்றிதழுக்கு அனுப்புங்கள். புனைபெயரில் அனுப்பினாலும் தப்பில்லை.