மத்தியானத்தில் நின்றுபோகும் கூரைச் சோலர்

களுவாஞ்சிக்குடி நண்பருக்கு, ஞாயிறு மத்தியானம் ஆனால் உங்கள் 5 கிலோவாட் இன்வேர்ட்டர் (சோலர் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) 'வோல்டேஜ் கூடுதல்' என்று காட்டி நின்றுவிடுகிறது, புதிது வாங்கவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அது பெரும்பாலும் பழுதல்ல.

நம் இலங்கையில் லைன் வோல்டேஜ் 230 வோல்ட், கூடக்குறைய 6 சதவீதம். மேல் எல்லை 244 அளவில் வரும். வோல்டேஜ் அளவு மீறி ஏறினால் இன்வேர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுகொள்ளும். கடையும் அரிசி ஆலையும் பூட்டிக் கிடக்கும் நாளில் ஒரே ட்ரான்ஸ்போமரில் எல்லாக் கூரைகளும் கரண்டைத் தள்ளினால் வோல்டேஜ் ஏறத்தானே செய்யும்.

அக்கரைப்பற்றில் என் வீட்டிலும் இதே கதைதான். இன்வேர்ட்டரில் 251, மீட்டரடியில் 243. இடையில் போன வயர் மெல்லிசு, ஒரு இணைப்பு கருகிக் கிடந்தது. தடித்த வயர் போட்டதும் சரி. நீங்களும் 12 மணிக்கு இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். மீட்டரடியிலேயே வோல்டேஜ் கூடுதல் என்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். ட்ரான்ஸ்போமரில் குறைக்க வழியுண்டு. இன்வேர்ட்டர் நிற்கும் எல்லையை ஏற்றித் தருகிறேன் என்று வருபவரை மட்டும் கிட்ட விடாதீர்கள்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் இலங்கை மின்சார சபையே கூரைச் சோலரைப் பகலில் நிறுத்தச் சொன்னது. பாவனை குறைந்த நாளில் சோலர் கூடினால் வேறு எதையாவது குறைக்க வேண்டுமே. நுரைச்சோலை நிலக்கரி இயந்திரத்தை மத்தியானம் அணைத்து மாலையில் போட முடியாதே. 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்கிறார்கள். பகல் வெயிலை இரவுக்குச் சேர்த்துவைக்கப் பற்றரி இல்லாமல் எப்படியாம்?

அதுவரை கிணற்று மோட்டரை மத்தியானத்தில் போடுங்கள், கரண்ட் வீட்டிலேயே செலவாகி லைனுக்குப் போவது குறையும்.