நிர்வாகக் குழுவுக்கு யாரை அழைப்பது? சூழல் அமைப்புகளின் கேள்விகள்

கேள்வி: எங்கள் குழுவில் ஏழு பேர். எல்லோருமே பறவை ஆர்வலர்கள், தாவரவியல் ஆசிரியர்கள். இன்னொரு சூழலியலாளரைச் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் உறுப்பினர்களின் பெயர்கள். மேலே கணக்கு, சட்டம், நிதி திரட்டல், களத்து மக்களோடு பழக்கம். யாருக்கு எது கைவருமோ அங்கே ஒரு குறி. குறியே விழாத பத்தி எதுவோ, அதற்கான ஆளைத் தேடுங்கள். நான் பார்த்த பல குழுக்களில் கணக்குப் பத்திதான் வெறுமையாகக் கிடக்கும். வரவு செலவு அறிக்கை மேசைக்கு வந்ததும் எல்லோரும் பொருளாளரின் முகத்தைப் பார்ப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். நாற்று நடுவதற்கென்று வந்த நன்கொடை அலுவலகச் செலவில் கரைந்திருந்தால் அங்கே யார் கவனிப்பார்கள்? கணக்குப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டுவாருங்கள். பறவைகளின் பெயர்களை அவர் போகப்போகத் தெரிந்துகொள்வார்.

நீங்கள் காக்க நினைக்கும் ஏரியில் வலை வீசிப் பிழைப்பவர் ஒருவரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கூட்டத்தை அவர் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

கேள்வி: பெரிய நன்கொடை தரும் ஆலை அதிபர் உறுப்பினராக விரும்புகிறார். அவருடைய ஆலைக் கழிவுநீர் பற்றி எங்களுக்குப் புகார்கள் வந்திருக்கின்றன.

பதில்: சேர்க்காதீர்கள். சொந்த நலன் குறுக்கிடும்போது உறுப்பினர் அதை வெளிப்படையாகச் சொல்லி, அறையை விட்டு வெளியேறி, வாக்களிக்காமல் இருக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் அது பதிவாக வேண்டும். எப்போதாவது ஒருமுறை என்றால் சரி. உங்கள் முதன்மையான வேலையே அவர் ஆலையைத் தொடும்போது, கூட்டத்துக்குக் கூட்டம் அவர் வெளியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரபலமான ஒருவர் “பெயருக்கு இருக்கிறேன்” என்கிறார்.

பதில்: ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். வராத உறுப்பினரால் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, எட்டாமல் போகும், முடிவுகள் தள்ளிப்போகும்.

கேள்வி: நிறுவனரின் நண்பர்களே குழுவில் இருந்தால் வேலை சுமுகமாக நடக்குமே?

பதில்: நடக்கும், பணத்தில் சிக்கல் வரும்வரை. அமெரிக்கச் சூழல் அமைப்பான சியரா கிளப்பின் முதல் நிர்வாக இயக்குநராக 1952-இல் பொறுப்பேற்ற டேவிட் பிரௌவர் அந்த அமைப்பைப் பல மடங்கு வளர்த்தவர். அப்படிப்பட்டவரையே, நிதியைக் கையாண்ட விதம் உள்ளிட்ட காரணங்களுக்காக எதிர்த்து நின்றது குழு. 1969-இல் அவர் விலகினார். குழு செய்தது சரியா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் எதிர்த்துப் பேசும் துணிவு அந்த மேசையில் இருந்தது. உங்கள் மேசையில் அதற்கு ஒருவராவது இருக்கிறாரா?

கேள்வி: புதியவர்கள் ஆறே மாதத்தில் விலகிவிடுகிறார்கள்.

பதில்: “மாதம் ஒரு மணி நேரம்தான்” என்று சொல்லித்தானே அழைத்தீர்கள்? விதிமுறைகள், கடைசித் தணிக்கை அறிக்கை, மூன்று கூட்டங்களின் குறிப்புகள், நிலுவையில் உள்ள வழக்குகள், இவற்றை ஒரு கோப்பில் முன்கூட்டியே கொடுங்கள். ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்காரச் சொல்லுங்கள். அதன் பிறகும் வருகிறேன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு, முதல் மாதமே ஒரு வேலையை அவர் பொறுப்பில் விடுங்கள்.